மேருவுக்கும் வேண்டும் புதிய ரத்தக்குழாய்

ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த ரத்தக்குழாய், செல்களைக் கழுவி நீக்கிய இருதய வால்வு என்று ஏதாவது செய்தி வந்தால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே எழும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அதெல்லாம் பணக்கார நாட்டு வைத்தியம். நம்ம ஆளுங்க முதல்ல சீனியைக் குறைக்கட்டும், தே தாரிக்கை நிறுத்தட்டும்." மேடைகளில் இதே கருத்து சற்று நாகரிகமாக வரும்: நோய்த்தடுப்பே முதன்மை, விலையுயர்ந்த சோதனைச் சிகிச்சைகள் நமக்கு இப்போது தேவையில்லை. மருத்துவம் படித்தவர்களிலும் பலர் இதைச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறான கருத்து. அதைவிட, யாருடைய நலனுக்காகச் சொல்லப்படுகிறதோ அவர்களையே கைவிடுகிற கருத்து.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. நாட்டின் எல்லா இனங்களிலும் இதுதான் உச்சம். சீனியைக் குறைக்கச் சொல்வது, நடக்கச் சொல்வது, ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்வது எல்லாம் அவசியம். அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவோருக்கு அதை இன்னும் பத்து மடங்கு உரக்கச் சொல்லலாம்.

ஆனால் கிள்ளானை அடுத்த மேருவிலோ காப்பாரிலோ இருந்து வாரம் மூன்று முறை ரத்தம் கழுவப் போகிறவருக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்? அவர் சிறுநீரகம் ஏற்கெனவே போய்விட்டது. மலேசியாவில் இப்படி டயாலிசிஸில் வாழ்வோர் 50,000க்கும் மேல். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இனிப்புநீர்தான். இவர்களது உயிர் தொங்குவது இயந்திரத்தில் மட்டும் அல்ல, இயந்திரத்துக்கு ரத்தத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு வழியிலும் கூட. கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து 'ஃபிஸ்டுலா' போடுகிறார்கள். சிரை தடித்துப் பெருத்தால்தான் ஊசி போடலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி, வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 312 துளைகள். பல சிரைகள் இதை நெடுங்காலம் தாங்குவதில்லை. இனிப்புநீர்க்காரரின் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும். ஃபிஸ்டுலா பல வேளைகளில் முதிர்வதே இல்லை. பெண்களுக்குச் சிரைகள் மெல்லியவை என்பதால் தோல்வி இன்னும் அதிகம்.

இடது கை போனால் வலது கை. முன்கை போனால் மேல்கை. அதுவும் போனால் பிளாஸ்டிக் குழாய். அது அடைத்துக்கொள்கிறது, கிருமி பிடிக்கிறது. கடைசியில் கழுத்தில் ஒரு நிரந்தரக் கதீட்டர், அதன் வழியே ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து. டயாலிசிஸ் மையங்களில் வேலை செய்யும் தாதியர் இந்தப் படிகளை நன்கு அறிவார்கள். எந்த நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவர் சட்டைக் கையை மடக்கும்போதே சொல்லிவிடுவார்கள். இப்படிச் சொந்தச் சிரைகளையெல்லாம் செலவழித்து முடித்துவிட்டவரிடம் சீனியைக் குறைக்கச் சொல்வது அறிவுரை ஆகாது. அவரை நோயாளி என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்குத் தள்ளுவது அது.

பைபாஸ் அறுவையிலும் இதே பற்றாக்குறைதான். 1967இல் கிளீவ்லாந்தில் அறுவை நிபுணர் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையை இருதயத்தில் பொருத்தத் தொடங்கியதிலிருந்து, நோயாளியின் சொந்தக் காலே உதிரிபாகக் கடையாக இருந்துவருகிறது. மார்பின் உட்புறத் தமனிதான் நெடுநாள் உழைக்கும். ஆனால் அடைப்பு மூன்று நான்கு இடங்களில் என்றால் கால் சிரை வேண்டும். பத்தாண்டுகளில் இந்தச் சிரை ஒட்டுகளில் ஏறத்தாழ பாதி அடைத்துக்கொள்கின்றன அல்லது மிகவும் குறுகிவிடுகின்றன. இரண்டாவது அறுவைக்கு வரும்போது நல்ல சிரை மிச்சமில்லாதவர்கள் உண்டு. தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துச் சிரை புடைத்துப் போனவர்களுக்கு முதல் அறுவையிலேயே நல்ல சிரை கிடைப்பது கடினம். பிளாஸ்டிக் குழாயை இங்கே பயன்படுத்த முடியாது. ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டத்தில் அது விரைவில் உறைந்து அடைத்துவிடுகிறது.

இதில் ஒரு முக்கியமான உண்மையை மறைக்கக் கூடாது. இருதயத் தமனிக்கு ஏற்ற சிறுவிட்ட ஆய்வகக் குழாய் எதற்கும் அமெரிக்கா இன்னும் அனுமதி அளிக்கவில்லை. நாளை பைபாஸுக்குப் போகிறவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் கைகால் ரத்தக்குழாய்களின் கதை வேறு.

லாரா நிக்லசன் என்ற அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி பன்றிச் செல்களிலிருந்து தமனி ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது 1999இல். அவர் நிறுவிய ஹியூமசைட் நிறுவனம் மனிதத் தசைச் செல்களை, கரையக்கூடிய ஒரு சட்டத்தின்மேல் வளர்த்து, அவை நெய்த புரதக் குழாயை மட்டும் வைத்துக்கொண்டு செல்கள் அனைத்தையும் கழுவி எடுத்துவிடுகிறது. கட்டடத்தை இடிக்காமல் குடியிருந்தவர்களை மட்டும் வெளியேற்றுவது போன்ற வேலை இது. அன்னியச் செல்கள் இல்லாததால் உடல் அதை எதிர்த்துப் போராடுவதில்லை. நாளடைவில் நோயாளியின் சொந்தச் செல்களே வந்து குடியேறுகின்றன. ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தக் குழாய் உக்ரைன் போரில் குண்டுக்காயம் பட்டவர்களின் கைகால்களில் பொருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. சொந்தச் சிரையை எடுத்துப் பொருத்த வழியில்லாத, உடனே ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலையோ கையையோ இழக்க நேரும் காயங்களுக்கு மட்டும் அந்த அனுமதி.

போர்க்காயம் என்றதும் அது நமக்குத் தொடர்பில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியச் சாலைகளில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். பிழைப்போரில் ஒரு பகுதியினருக்கு முழங்கால் நொறுங்கி, அதன் பின்னே ஓடும் தமனி அறுந்துபோகிறது. ரத்தமில்லாத கால் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் தாங்கும். அந்த நேரத்துக்குள் மறு காலில் சிரையைத் தேடி, எடுத்து, தைக்க வேண்டும். அந்தக் காலும் நொறுங்கியிருந்தால்? மண்ணும் தாரும் புகுந்த காயத்தில் பிளாஸ்டிக் குழாயை வைத்தால் கிருமி பிடிக்கும் அபாயம் பெரிது. விடியற்காலை ஷிஃப்டுக்கு மேரு சாலையில் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பறக்கும் இருபத்தைந்து வயது இளைஞனுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அவன் சீனி அளவு சரியாகத்தான் இருக்கும்.

ஆக, உயிர்ப்பொறியியல் திசு யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பட்டியலில் முதலில் வருவோர் செல்வந்தர்கள் அல்லர். செல்வந்தர்கள் பெரும்பாலும் சீக்கிரமே நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சொந்தக் குழாய்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே சிகிச்சை பெறுகிறார்கள். குழாய்கள் கெட்டுத் தீர்ந்த பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவிமார்களும்தாம்.

"பணக்கார நாட்டு வைத்தியம்" என்ற பேச்சும் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. நோயாளியின் சொந்தச் செல்களை விதைத்துத் தயாரித்த மனித வால்வுகளை இரண்டு சிறுவர்களுக்குப் பொருத்தியது 2002இல், மால்டோவாவின் தலைநகர் கிஷினாவில். ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர்களும் அங்குள்ள மருத்துவர்களும் கைகோத்துச் செய்த வேலை அது. பிரேசிலின் குரிச்சிபாவில் ஃபிரான்சிஸ்கோ ட கோஸ்டா என்ற அறுவை நிபுணர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, இறந்தவர்கள் தானமாகத் தந்த வால்வுகளின் செல்களை நீக்கி நோயாளிகளுக்குப் பொருத்திவருகிறார். அந்த ஊரின் மனித வால்வு வங்கிதான் இதற்கு அடித்தளம். பிரேசிலும் மலேசியாவைப் போல நடுத்தர வருமான நாடுதான்.

செல் நீக்கிய வால்வு ஏன் வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் விவாதத்தில் இது எப்போதும் விடுபட்டுப் போகிறது. இப்போது மருத்துவமனைகளில் பொருத்தும் பெரும்பாலான திசு வால்வுகள் மாட்டின் இருதய உறையாலோ பன்றியின் வால்வாலோ ஆனவை. பிரெஞ்சு நிபுணர் அலேன் கார்பாந்தியே 1960களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்திய முறையில் அவற்றைக் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்துகிறார்கள். எழுபது வயதுக்காரருக்கு அது போதும். இருபது வயதுக்காரருக்குச் சுண்ணாம்பு படிந்து சில ஆண்டுகளிலேயே கெட்டுப்போகும். குழந்தைக்கோ இன்னொரு சிக்கல்: உடல் வளரும், வால்வு வளராது. அதனால் திரும்பத் திரும்ப நெஞ்சைத் திறக்க நேர்கிறது. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை வேண்டும். ரத்தம் உறையும் அளவை ஓயாமல் சோதிக்க வேண்டும். முருங்கைக்கீரை கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு உலோக வால்வு பொருத்திக்கொண்ட பெண் கருவுற்றால் அந்த மாத்திரை முதல் மூன்று மாதங்களில் சிசுவின் உறுப்புகளைக் கெடுக்கக்கூடியது. அவளுக்கு இருக்கும் தேர்வுகள் கடினமானவை: ஆபத்தோடு கருவைச் சுமப்பது, அல்லது பிள்ளை ஆசையை விடுவது.

செல் நீக்கிய மனித வால்வு, விலங்குத் திசு வால்வுக்கும் உலோக வால்வுக்கும் நடுவே ஒரு வழியைத் திறக்கிறது. அதில் குளுட்டரால்டிஹைடு இல்லை, உறைதடுப்பு மாத்திரை தேவையில்லை. ஹனோவர் குழுவினரின் பத்தாண்டு அனுபவத்தில், நுரையீரல் தமனி வால்வின் இடத்தில் பொருத்திய செல் நீக்கிய மனித வால்வுகளில் மறுஅறுவை, வழக்கமான உறைபதன மனித வால்வுகளைவிடவும் மாட்டுக் கழுத்துச் சிரை வால்வுகளைவிடவும் குறைவாக இருந்தது. மகாதமனி இடத்தில், குறிப்பாகச் சிறுவர்களிடம், முடிவுகள் இந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. ஆனால் நுரையீரல் தமனி வால்வில் கிடைத்த பலன் கண்ணுக்குத் தெரிகிற பலன். அதன் மூலப்பொருளுக்கு விலையும் இல்லை. தானமாக வந்த ஒரு வால்வு, அதைக் கழுவத் தெரிந்த ஒரு ஆய்வகம், அதைப் பாதுகாக்க ஒரு வங்கி, இவ்வளவே வேண்டும்.

"அப்படிப்பட்ட ஆய்வகம் நம்மிடம் எங்கே?" என்பது அடுத்த மறுப்பு. செராஸில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் திசுப் பொறியியல் மையம் நோயாளியின் செல்களிலிருந்தே தோல் வளர்த்திருக்கிறது. கிளந்தானின் குபாங் கெரியானில் தேசியத் திசு வங்கி 1991இலிருந்து எலும்பையும் பனிக்குட உறையையும் பதப்படுத்துகிறது. ஜாலான் துன் ரசாக்கில் 1992இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் இந்த வட்டாரத்தின் பெரிய இருதய மருத்துவமனைகளில் ஒன்று. குழந்தைகளின் பிறவி இருதயக் குறைகளுக்கு ஆண்டுதோறும் அறுவை செய்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உலகின் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்கள் கதீட்டர்களைச் செய்கின்றன. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைத் தொழிலாளிகள் மாட்டின் இருதய உறையைக் கையால் தைத்து வால்வாக்குகிறார்கள்.

மேருவையே எடுத்துக்கொள்வோம். உலகில் விற்கும் ரப்பர் கையுறைகளில் பெரும் பங்கு மலேசியாவில் செய்தவை. அதில் ஒரு பகுதி மேருவின் ஜாலான் தெராத்தாய் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து போகிறது. பாஸ்டனில் நெஞ்சைத் திறக்கும் நிபுணரின் கையில் இருப்பது இந்த ஊர்க்காரர் செய்த கையுறையாக இருக்கலாம். அறுவைக்கூடத்தின் கருவிகளைச் செய்து கொடுக்கத் தகுதியுள்ள ஊர், அங்கே கிடைக்கும் புதிய சிகிச்சைக்குத் தகுதியில்லாததா? வேலைக்கு இங்கே வரலாம், பலன் மட்டும் வேறெங்கோ போகட்டும் என்ற ஏற்பாட்டை நாமே நியாயப்படுத்திப் பேசுவதுதான் மிகப் பெரிய வேதனை.

தமிழருக்கு அருகிலேயே இன்னொரு முன்னுதாரணம் உண்டு. 1970களின் இறுதியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் குழுவினர் சொந்தமாக இருதய வால்வு செய்ய இறங்கினார்கள். முதல் மூன்று வடிவமைப்புகள் தோற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாயிற்று. இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பகுதிதான் அதன் விலை. அது உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வால்வு, உயிர்த்திசு அல்ல. ஆனால் வலியத்தான் தொடங்கியபோது எதிர்கொண்ட வாதம் இன்று திசுவுக்கு எதிராகச் சொல்லப்படும் அதே வாதம்தான்: ஏழை நாட்டுக்கு இது எதற்கு?

திசு விஷயத்திலும் சென்னை முயன்றது. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், பின்னர் முகப்பேரில் தாம் நிறுவிய ஃப்ரண்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில், செல் நீக்கிய விலங்குத் திசுக்களைக் குழந்தைகளின் இருதயக் குறைகளைச் சரிசெய்யப் பயன்படுத்தும் ஆய்வுக்கு இடம் கொடுத்தார். 2025 ஜனவரியில் காலமான அவர் பணக்கார நாட்டுக்காகக் கனவு கண்டவர் அல்லர்.

அடுத்தது இன்னும் கனமான மறுப்பு. இந்தத் துறையில் மரணங்களும் மோசடியும் நடந்திருக்கின்றன, நம் மக்களைச் சோதனை எலிகளாக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் கூடாது.

2001இல் வியன்னாவில் நான்கு சிறுவர்களுக்குச் செல் நீக்கிய பன்றி வால்வுகளைப் பொருத்தினார்கள். ஒருவன் ஏழாம் நாளில் வால்வு கிழிந்து இறந்தான். இன்னொருவன் ஆறு வாரத்தில், மூன்றாமவன் ஓராண்டில். நான்காம் சிறுவனுக்குப் பொருத்திய வால்வை இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள். விலங்குச் செல்கள் முழுமையாக நீங்கவில்லை, உடல் கடுமையாக எதிர்த்தது என்று பிறகு தெரிந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் 2011 முதல் அறுவை நிபுணர் பாவ்லோ மக்கியாரினி செயற்கை மூச்சுக்குழாய்களை ஸ்டெம் செல் பூசிப் பொருத்தினார், நோயாளிகள் இறந்தார்கள், 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஹியூமசைட் குழாயும் குறையற்றது அல்ல. டயாலிசிஸ் நோயாளிகளிடம் பிளாஸ்டிக் குழாயோடு ஒப்பிட்ட முதல் பெரிய சோதனையில் அது எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. சொந்த ஃபிஸ்டுலாவோடு ஒப்பிட்ட பிந்தைய சோதனையில், நிறுவனம் 2024இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டு வரை அது மேலாக உழைத்தது. எஃப்.டி.ஏ. அனுமதியோடு குழாய் வெடிக்கக்கூடும், தையல் விட்டுப்போகக்கூடும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையும் வந்தது. காயம்பட்டோரிடம் நடந்த முக்கிய ஆய்வில் முப்பதாம் நாளில் மூன்றில் இரண்டு பங்குக் குழாய்கள்தான் கூடுதல் தலையீடு இன்றித் திறந்திருந்தன.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் துறையை ஒதுக்கிவிடச் சொல்வது ஏன் தவறு? வியன்னாவின் நான்கு சிறுவர்களைப் பற்றி உலகம் அறிந்ததே அங்குள்ள மருத்துவர்கள் 2003இல் தங்கள் தோல்வியை மறைக்காமல் எழுதியதால்தான். விலங்குத் திசுவிலிருந்து மனிதத் திசுவுக்குத் திரும்பும் போக்கு அந்தக் கட்டுரைக்குப் பிறகு வலுப்பட்டது. அமெரிக்காவின் ஒஹையோவில் தோஷிஹாரு ஷினோகா குழு பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சொந்தச் செல் விதைத்த குழாய்களைப் பொருத்தியபோது முதல் நால்வரில் மூவருக்குக் குழாய் குறுகியது. சோதனையை நிறுத்தினார்கள். ஆட்டுக்குட்டிகளிடம் ஆராய்ந்ததில் அந்தக் குறுக்கம் தானாகவே விரிந்து சரியாகும் என்று கண்டு 2020இல் வெளியிட்டார்கள். நிறுத்துவது, எழுதுவது, மீண்டும் தொடங்குவது என்ற ஒழுங்கு இருந்த இடத்தில் தோல்வி அறிவாயிற்று. மக்கியாரினியின் விவகாரத்தில் அந்த ஒழுங்கைத் துணிந்து உடைத்தார்கள். அங்கே தோல்வி குற்றமாயிற்று. விலகி நிற்பதால் நாம் பாதுகாப்பாக இருக்கப்போவதில்லை. வேறு மக்களிடம் சோதித்த பொருள், நம் உடல்வாகுக்கும் நம் இனிப்புநீருக்கும் பொருந்துமா என்று யாரும் பார்க்காமலே, ஒருநாள் விலைப்பட்டியலோடு வந்து சேரும்.

உண்மையான ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் இருதய அடைப்பு கரையும், பைபாஸ் தேவைப்படாது என்று ஆசைகாட்டி ஆயிரக்கணக்கான ரிங்கிட் வாங்கும் விளம்பரங்கள் நம் கைபேசிக்கே வந்துசேர்கின்றன. அத்தகைய வாக்குறுதிக்குச் சான்று கிடையாது. பொது மருத்துவமனைகள் திசுப் பொறியியலை வெளிப்படையாக, கண்காணிப்போடு, இலவசமாகவோ குறைந்த செலவிலோ செய்யாமல் விலகி நிற்கும்போது அந்த வெற்றிடத்தை நிரப்புவது இவர்கள்தாம். நல்லதை ஒதுக்கிவிட்டுப் போலியைத் திட்டிக்கொண்டிருப்பது எந்த விதத்திலும் நோயாளிக்கு உதவாது.

விலையைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். ஹியூமசைட் குழாயின் அறிமுக விலை ஒன்றுக்கு 29,500 அமெரிக்க டாலராக, அதாவது ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேலாக இருந்தது. இன்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அலமாரியில் அதை அடுக்கி வைக்க முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு காலை இழந்த இளைஞனுக்குச் செயற்கைக் கால், வேலையிழப்பு, சொக்சோ சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவு, அவனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய் என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே எது விலையுயர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டும். அதோடு, உயிர்ப்பொறியியல் திசு என்றாலே அந்த ஒரே ஒரு பொருள்தான் என்று நினைப்பதும் பிழை. குரிச்சிபாவின் வழி வேறு. அங்கே பணத்தைவிட முதலில் தேவைப்பட்டது தானம்.

மதத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கும் இந்த வழியில் பதில் இருக்கிறது. மாட்டுத் திசு என்றால் மனம் ஒப்பாத இந்துக்கள் உண்டு. பன்றித் திசு என்றால் தயங்கும் முஸ்லிம்கள் உண்டு. உயிர் காக்கும் அவசரத்தில் ஏற்கலாம் என்று சமய அறிஞர் பலர் சொல்லியிருந்தாலும் முடிவு நோயாளியுடையது. ஆனால் அவருக்கு முதலில் தெரிய வேண்டுமே! தமக்குள் பொருத்திய வால்வு எந்த விலங்கின் திசு என்று கேள்விப்படாமலே வீடு திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே இதைத் தமிழில், அவருக்குப் புரியும்படி, சொல்ல வேண்டும். மனிதத் திசு வால்வு என்ற தேர்வு இருந்தால் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை.

எனவே கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. தேசிய இருதயக் கழகமும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மனித வால்வுகளின் செல் நீக்கும் ஆய்வகம் ஒன்றைத் தொடங்க வேண்டும். குபாங் கெரியான் வங்கியின் அனுபவத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டும். உடலில் பொருத்தும் எல்லாத் திசுக்களுக்கும் தேசியப் பதிவேடு வேண்டும். மாரடைப்பையும் ஸ்டென்ட் சிகிச்சையையும் பதிவு செய்யும் தேசியத் தரவகம் 2006இலிருந்து இயங்குகிறது; அதை விரிவாக்குவது புதிதாக மலையைத் தூக்கும் வேலை அல்ல. வெளிநாட்டுச் சோதனைகள் நடக்கும்போது மலேசியப் பொது மருத்துவமனைகள் அவற்றில் சேர்ந்து, பங்கேற்ற நோயாளிகளுக்குப் பிறகும் அந்தச் சிகிச்சை கிடைக்கும் என்ற உறுதியைப் பேரம் பேசிப் பெற வேண்டும். 1974இல் இயற்றிய மனிதத் திசுச் சட்டத்தை இந்தக் காலத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். நம் சமூக அமைப்புகள் சீனியைக் குறைக்கச் சொல்லும் முகாம்களைத் தொடர்ந்து நடத்தட்டும். அதே முகாமில், ஏற்கெனவே நோயில் விழுந்துவிட்டவர்களுக்காக இந்தக் கோரிக்கைகளையும் வைக்கட்டும்.

வாசகர் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இருதயத்தை மாற்றிப் பொருத்தத் தானம் தருவதற்கு மூளைச்சாவு நேர்ந்திருக்க வேண்டும், அது அரிது. இருதய வால்வு அப்படியல்ல. இருதயம் நின்ற பிறகும், உடலை உரிய நேரத்தில் குளிரூட்டினால், ஏறத்தாழ ஒரு நாளுக்குள் வால்வை எடுக்கலாம். மலேசியாவில் கண், எலும்பு, தோலோடு இருதய வால்வையும் தானமாகத் தரலாம். அரசாங்கச் சுகாதாரச் செயலியான மைசெஜாத்தெராவிலேயே பதிவு செய்யலாம். ஆனால் நீங்கள் பதிவு செய்திருந்தாலும், கடைசி நேரத்தில் மருத்துவமனை உங்கள் குடும்பத்தாரிடம்தான் கேட்கும். அவர்கள் மறுத்தால் எடுக்கமாட்டார்கள். ஆகவே பதிவு செய்துவிட்டு, இன்று இரவே வீட்டில் உள்ளவர்களிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள்.